கட்டிலருகே வந்த சுவிசேஷம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மதமாற்றத் தடைச் சட்டம் பற்றி நாட்டின் எந்த மூலையில் பேச்செழுந்தாலும் நம் நாளிதழ்களின் கடிதப் பகுதியில் இரண்டு தரப்பினர் எழுதுகிறார்கள். ஒரு தரப்பினர் கிறிஸ்தவர்கள். மற்றவர்கள் இந்து அமைப்புகளின் மீது பற்றுள்ளவர்கள். கடவுள் நம்பிக்கையே இல்லாத என்னைப் போன்றவர்களை இருவருமே தங்கள் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். இவர்கள் கணக்கில் நான் பறிபோகக்கூடிய ஓர் இந்து. அவர்கள் கணக்கில் இன்னும் ஆதாயப்படுத்தப்படாத ஓர் ஆத்துமா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீட்டுக்கு வந்த ஆசிரியையிடம் எனக்கு மதம் இல்லை என்று சொன்னபோது, அவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்போ இந்துன்னு போட்டுக்கிடுதேன் சார்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என் திருமணமே சுயமரியாதைத் திருமணம்தான். அதைச் செல்லுபடியாக்கிய 1967ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் செய்யப்பட்டது என்பதால், புரோகிதரை விலக்குவதற்கும் நான் சட்டப்படி இந்துவாக இருக்க வேண்டியிருந்தது. எனவே, கிறிஸ்தவர்களின் சுவிசேஷப் பணியை என்னைப் போன்ற ஒருவன் எப்படி உணர்கிறான் என்பதை யாரும் கேட்காவிட்டாலும் எழுதலாம் என்று தோன்றியது.

நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் இருந்துகொண்டு மிஷனரிகளைப் பழிப்பது நன்றி கெட்ட செயல் என்பது எனக்குத் தெரியும். 1820இல் இங்கு வந்து சேர்ந்த ரேனியஸ் தொடங்கி, இடையன்குடியில் வாழ்நாளைக் கழித்து அங்கேயே அடக்கமான கால்டுவெல் வரை, இந்த மண்ணில் அவர்கள் விட்டுச் சென்றவை கண்முன்னே நிற்கின்றன. காது கேளாத பிள்ளைகளுக்கும் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று சர்க்கார் நினைப்பதற்கு முன்பே நினைத்தவர்கள் அவர்களுடைய பெண்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் என் அம்மா. அவள் படித்தது ஊரார் 'வேதக்காரப் பள்ளிக்கூடம்' என்று சொல்லும் ஒரு திண்ணைப் பள்ளியில். ஆனால் இந்தக் கடனை யாருக்குத் திருப்பிச் செலுத்துவது என்பதில்தான் எனக்கும் என் கிறிஸ்தவ நண்பர்கள் சிலருக்கும் வழக்கு. "உங்களுக்கு எழுத்தறிவித்ததே நாங்கள்தானே" என்று விவாதத்தின் நடுவில் ஒருவர் சொல்லும்போது, அம்மாவுக்கு அகரம் சொல்லிக்கொடுத்த, பெயர்கூட மிஞ்சாத அந்த ஆசிரியைக்கு நான் பட்டிருக்கும் கடனை, நேற்று சபை தொடங்கிய ஒருவர் வந்து வசூலிப்பதுபோல் இருக்கிறது.

நானும் ஒரு மிஷன் பள்ளியில்தான் படித்தேன். வாரத்தில் ஒரு மணி நேரம் கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நீதிபோதனை. எங்களுக்கு அந்த வகுப்பை எடுத்தவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற, சாப்பாட்டுக்கு முன் கண்மூடி ஜெபம் பண்ணுகிற மனிதர். அவர் எங்களுக்குத் திருக்குறளை நடத்தினாரே தவிர, ஒரு நாளும் இரட்சிப்பைப் பற்றிப் பேசவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், மதத்தைப் 'பரப்பும்' உரிமையைச் சேர்க்கலாமா என்ற விவாதம் நடந்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து போயிருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்று சொல்லி அந்த உரிமையை ஆதரித்தார். அவர் சொன்னது எனக்குப் புதிதாகப் படவில்லை. பேசாமலிருக்க வேண்டிய இடத்தில் பேசாமலிருப்பதும் அந்த மரபுக்குள்ளேயே இருந்த ஒரு வழக்கம்தான்.

அது எங்கே தேய்ந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பழைய திருமண்டலங்களுக்கு, அதாவது ஆயர்களின் கீழ் இயங்கும் பழைய சபை அமைப்புகளுக்கு, வெளியே என்றுதான் சொல்வேன். திருமண்டலத்தின் குருவானவருக்குச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, சில ஆண்டுகளுக்கொருமுறை மாறுதலும் உண்டு. தெருவில் நான் மனந்திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். தனிச்சபை நடத்தும் பாஸ்டருக்கு அப்படியில்லை. வாடகைக்கு எடுத்த மாடியிலோ தகரக் கொட்டகையிலோ அவரே ஆட்களைச் சேர்க்க வேண்டும். சேர்ந்தவர்கள் தங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகத் தரும் தசமபாகத்தில்தான் வாடகையும் கொடுக்க வேண்டும், பிள்ளைகளையும் படிக்க வைக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் அறிந்த பாஸ்டர்கள் பலர் என்னைவிடக் கஷ்டப்பட்டு வாழ்பவர்கள். ஆயினும் 'ஆத்தும ஆதாயம்' என்ற சொல்லில் உள்ள ஆதாயம் யாருடையது என்ற சந்தேகம் கதவைத் திறப்பவனுக்கு வருவதற்கு இந்த அமைப்பே காரணமாகிவிடுகிறது.

கதவுக்கு வருகிறவர்களால் எனக்குத் தொல்லை இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நெடுஞ்சாலைப் பாறைகளில் வெள்ளைச் சுண்ணாம்பால் எழுதியிருக்கும் வாசகங்களோ, பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படும் கைப்பிரதிகளோ என்னை உறுத்துவதில்லை. தான் உண்மை என்று நம்புவதை அடுத்தவனுக்குச் சொல்ல நினைப்பது மனித இயல்பு. நானும் இருபத்தைந்து வயதில், ஆனித் தேரோட்டத்தன்று நான்கு ரத வீதிகளிலும் நின்று கடவுள் இல்லை என்று துண்டுப்பிரசுரம் கொடுத்தவன்தான். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை விசிறியாக்கிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் அதில் திருநீற்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். கொடுப்பவனுக்குக் கொடுக்கும் உரிமை இருக்கிறது. வாங்குபவனுக்கு அதில் திருநீறு மடிக்கும் உரிமை இருக்கிறது. இந்த இரண்டாவது உரிமை இல்லாத இடத்தைப் பற்றியே இந்தக் கடிதம்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் இரண்டு நாள் ஒரு மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்பு நடந்தது. மூன்று ஆண்டுகள். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள். அந்தக் கையை அசைக்கக் கூடாது. அந்த வார்டுக்கு வியாழக்கிழமைதோறும் இருவர் வருவார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஒவ்வொரு கட்டிலாக நின்று, தலைமாட்டில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்து, தலையணைக்கடியில் ஒரு கைப்பிரதியைச் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். முதல்முறை வந்தபோது அந்த ஆண் என் மனைவியிடம், "விசுவாசிச்சா இந்த மெஷினே உங்களுக்குத் தேவைப்படாது அக்கா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்க இரட்சிக்கப்பட்டாச்சா?" என்று கேட்டார். இயந்திரத்தின் குழாய்களில் அவளுடைய இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, சம்மதமும் இல்லை. எழுந்து போக முடியாதவளின் பார்வை அது. நான் வாயைத் திறந்தால் வார்டிலிருக்கும் பதினொரு நோயாளிகளின் முன்னால் ஒரு சண்டையாகும் என்பதால் நானும் பேசாமலிருந்தேன். செவிலியரிடம் பிறகு கேட்டபோது, "நல்லதுதானே சார் சொல்றாங்க" என்றார்.

அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள்தான் தண்ணீர் என்று மருத்துவர் அளவு சொல்லியிருந்தார். குடித்த ஒவ்வொரு மிடறையும் குறித்து வைக்க வேண்டும். வியாழன்தோறும் சேர்ந்த அந்தக் கைப்பிரதிகளின் பின்பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அதில்தான் அவள் எழுதினாள். காலைக் காப்பி நூறு, மாத்திரைக்கு ஐம்பது, ரசம் எழுபது. நித்திய ஜீவனைப் பற்றிய தாளின் முதுகில் அன்றைய தண்ணீர்க் கணக்கு. அவள் இறந்த பிறகு அலமாரியில் அந்தக் கட்டு கிடைத்தது. எறிய மனம் வரவில்லை, இன்னும் இருக்கிறது. அவர்களை வரவேண்டாம் என்று சொல்லட்டுமா என்று இரண்டொரு முறை கேட்டேன். "வேலை மெனக்கெட்டு வாரவுகள எதுக்கு வெரட்டணும்" என்றவள், சற்று நேரம் கழித்து, "ஆனா தலைல கை வைக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுட்டு வைக்கலாம்" என்றாள்.

நம்பாதவர்களின் மனக்குறை என்று ஒன்று இருந்தால் அது முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. அதைக் கிறிஸ்தவர்கள் மீது மட்டும் சுமத்தும் யோக்கியதை எனக்கில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் அத்தையின் ஒரே மகன் தாமிரபரணியில் மூழ்கி இறந்தான். எட்டாம் நாள், அவன் சாமிகிட்டப் போயிட்டான் என்று அவள் அழுதுகொண்டிருந்தபோது, சாமி என்று ஒன்று இருந்திருந்தால் அவன் ஏன் மூழ்கியிருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அன்றைக்கு எனக்கு அது பகுத்தறிவாகத் தெரிந்தது. அத்தையும் என் மனைவியைப் போலவே என்னைப் பார்த்தாள். இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவளும் எழுந்து போக முடியாதவள்தான் என்பதை நான் உணர்ந்தது அந்த மருத்துவமனையில்தான்.

நோயைக் குறிவைக்கும் சுகமளிக்கும் கூட்டங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள் என்ற சுவரொட்டிகள் எல்லா ஊரிலும் ஒட்டப்படுகின்றன. மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலேயே ஒரு சட்டம் இருக்கிறது. புற்றுநோய், நீரிழிவு, காக்காய் வலிப்பு என்று நீளும் பட்டியலும் அதில் உண்டு. அந்தச் சட்டம் தாயத்து விற்கும் சாமியாரையும் தொடுவதில்லை, மேடையில் ஊன்றுகோலைத் தூக்கி எறியச் சொல்பவரையும் தொடுவதில்லை. என்னோடு வேலை பார்த்த லைன்மேன் ஒருவர் அப்படியொரு கூட்டத்தில் நோய் தீர்ந்தது என்று சாட்சி சொன்ன மறுநாளே சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். ஏழெட்டு மாதங்களில் கால் கட்டை விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு இன்றும் விசுவாசம் இருக்கிறது, மாத்திரையும் சாப்பிடுகிறார்.

ஒலிபெருக்கிப் பிரச்சினையும் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்த ஒன்றுதான். சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் நடந்த வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கி இதைவிட உரக்க அலறும். ஆனால் அது என் காதை மட்டுமே கேட்கிறது, என்னைக் கேட்பதில்லை.

பள்ளிக்கூட விஷயத்தை அப்படி எளிதாக விட்டுவிட முடியவில்லை. ஒரு கோடை விடுமுறையில் என் பேத்தி தெருப்பிள்ளைகளோடு விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போனாள். பாட்டு, படம் வரைதல், பிஸ்கட், கடைசி நாளில் ஒரு பென்சில் பெட்டி. அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது, எங்களுக்கும் ஆட்சேபம் இல்லை. ஐந்தாம் நாள் இரவு என் அருகில் வந்து படுத்துக்கொண்டு, ஆச்சி இப்போது எங்கே இருக்கிறாள், தீயிலா என்று கேட்டாள். வகுப்பில் அவளிடம் யாரும் ஆச்சியைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். நரகம் யாருக்கு என்று ஒரு பொதுப்பாடம் நடத்தியிருப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை கணக்கைத் தானே போட்டுவிட்டது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில், பெற்றோரின் சம்மதமில்லாமல் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. விடுமுறைப் பள்ளி அந்தப் பிரிவுக்குள் வராது என்பதை அறிவேன். அந்தப் பிரிவு எழுதப்பட்டதற்குக் காரணமான பயம் அந்த இரவில் என் வீட்டுக்குள் இருந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு, பார்த்தீர்களா, நாத்திகரே சொல்கிறார், சட்டம் வேண்டும் என்று யாரேனும் இந்தக் கடிதத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்களானால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1967இல் ஒடிசாவில் தொடங்கிப் பல மாநிலங்களில் வந்துள்ள மதமாற்றத் தடைச் சட்டங்களில் என்னைக் காப்பாற்றும் வரி ஒன்றுகூட இல்லை. தெய்வத்தின் அதிருப்திக்கு ஆளாவாய் என்று மிரட்டுவதும் வற்புறுத்தல்தான் என்கிறது ஒடிசாச் சட்டம். அந்த வரியை எல்லா மதங்களுக்கும் நேர்மையாகப் பயன்படுத்தினால் எந்த வழிபாட்டுத்தலத்தில் யார் மிஞ்சுவார்கள்? உத்தரப் பிரதேசத்தில் மதம் மாற விரும்புகிறவர் அறுபது நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தர வேண்டும்; ஆனால் ஒருவர் தாம் இதற்கு முன்பிருந்த மதத்துக்குத் திரும்புவது மதமாற்றமே ஆகாதாம். போகிறவனை மறித்துக் கேள்வி கேட்கும் சட்டம், திரும்பி வருகிறவனுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இப்படி முன்கூட்டி அறிவிக்கச் சொல்லும் விதியை இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தபோது, தன் நம்பிக்கையை வெளியே சொல்லாமலிருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்ற நிலையை எடுத்தது. எனக்கு வேண்டிய உரிமையும் அதுதான். ஏன் கிறிஸ்தவனானாய் என்று ஒருவனைக் கூப்பிட்டு விசாரிக்க அதிகாரம் பெற்ற அலுவலர், ஏன் சாமி கும்பிடாமலிருக்கிறாய் என்று என்னைக் கேட்க அதிக நாள் ஆகாது. தமிழ்நாட்டில் 2002இல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த சட்டம் 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு கைவிடப்பட்டபோது நிம்மதியடைந்தவர்களில் நானும் ஒருவன். சட்டத்தைவிட வேகமாக ஓடுபவர்களும் இருக்கிறார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்துவந்த கிரகாம் ஸ்டெயின்ஸை, வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவருடைய இரு சிறுவர்களோடு எரித்துக் கொன்றார்கள். அதன் பிறகும் இந்த விஷயத்தில் கிறிஸ்தவர்களின் பயத்தை வெறும் கற்பனை என்று சொல்ல என்னால் முடியாது.

மேலும், 'ஆசை காட்டி மாற்றிவிட்டார்கள்' என்ற சொல்லே மாறியவனை அறிவில்லாதவனாக்குகிறது. இடுப்புக்கு மேல் துணி உடுத்த உரிமையில்லாதிருந்த திருவிதாங்கூர் நாடார் பெண்கள், அந்த உரிமைக்காகப் போராடத் துணையிருந்த வேதத்தில் சேர்ந்ததை ஆசை என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. சேர்ந்த இடத்திலும் சாதி போகவில்லை என்பதும் உண்மை. வடக்கன்குளம் தேவாலயத்தை வேளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனியாக, கால்சட்டையின் இரண்டு கால்போலப் பிரித்துக் கட்டியிருந்தார்கள்; நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலினத்தில் சேர்க்க 1950ஆம் ஆண்டு ஆணை இன்றுவரை இடம் தரவில்லை. மதம் மாறியும் தீண்டாமையைச் சுமக்கிறவனுக்கு, சலுகைக்காக மாறினான் என்ற பழியும் சேர்கிறது.

தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் ஆயர் இல்லங்களுக்கும் மடங்களுக்கும் வரிசையாகப் போவதையும், ஜெருசலேம் பயணத்துக்கும் மானசரோவர் பயணத்துக்கும் என் வரிப்பணத்திலிருந்து மானியம் போவதையும் சேர்த்தே பார்க்கிறேன். ஒன்றை மட்டும் கண்டிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நான் கேட்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பிரிவு 25இல் உள்ள 'பரப்புதல்' என்பது தன் மதக்கொள்கையை எடுத்துரைக்கும் உரிமையே தவிர, இன்னொருவரை மாற்றும் உரிமை அல்ல என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எடுத்துரைப்பவர் எதிரிலிருப்பவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்; வேண்டாம் என்று அவர் சொல்ல முடிகிற நிலையில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனை நடத்துபவர்கள், வருகிறவர்கள் கையில் கைப்பிரதிக் கட்டு இருந்தால், நோயாளியின் அனுமதி இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்கலாம்.

அந்த வியாழக்கிழமை இருவரில் ஆண் எங்கே போனார் என்று தெரியவில்லை. அந்தப் பெண், என் மனைவி இறந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். கையில் கைப்பிரதி இல்லை, பைபிளும் இல்லை. திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல்கூடப் பேசவில்லை. போகும்போது அடுக்களைக்குள் போய், துலக்காமல் கிடந்த பாத்திரங்களைத் துலக்கி வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கம் வந்தால் எட்டிப் பார்ப்பார். போன மாதம் வந்தபோது, உங்களுக்காக ஜெபிக்கட்டுமா அண்ணாச்சி என்று கேட்டார். வேண்டாம்மா என்றேன். "சரி அண்ணாச்சி" என்றார். காப்பியைக் குடித்து முடித்து, கொல்லையில் கறிவேப்பிலை தளிர்த்திருக்கிறதே, இரண்டு கொத்து ஒடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, ஒடித்துக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.